பாத்திரமறிந்து: புற்றுநோய் மருந்தும் அது ஓடும் குழாயும்



இந்தப் பேச்சுக்கு ஏற்பாடு செய்திருக்கும் அறக்கட்டளையை நிறுவிய பேராசிரியர் எனக்கு மருந்தாக்கவியல் நடத்தியவர். அவருடைய வகுப்பு எப்போதும் அடுப்பங்கரையில்தான் தொடங்கும். "மோரைப் பித்தளைச் செம்புல ஊத்தி வச்சா என்னடா ஆகும்?" என்று ஒருநாள் கேட்டார். "களிம்பு ஏறும் சார்" என்று நாலைந்து குரல்கள். "களிம்புன்னா என்ன?" வகுப்பு கப்சிப் என்றாகிவிட்டது. பழகிய சொல்தான், அது எதனால் ஆனது என்று எங்களில் ஒருவரும் யோசித்ததில்லை. மோரின் புளிப்பு பித்தளையிலுள்ள செம்பைக் கரைத்து எடுக்கிறது, மோர் கசக்கிறது, குடித்தவருக்குக் குமட்டுகிறது என்று அன்று ஒரு மணி நேரமும் அந்தச் செம்பைச் சுற்றியே ஓடியது. மணி அடித்ததும், "நாளைக்குப் புளி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நம் வீடுகளில் இந்த அறிவுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. வற்றல்குழம்புக்குக் கல்சட்டி, ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி, அதற்குள் விட மரக்கரண்டி, ரசத்துக்கு ஈயச்சொம்பு. பித்தளையில்தான் சமைக்க வேண்டும் என்றால், தெருவில் ஈயம் பூசுகிறவர் வரும்வரை காத்திருந்து உள்பக்கம் பூசி வாங்கிக்கொள்வார்கள். (இங்கே ஈயம் என்பது வெள்ளீயம். பூசுகிறவர் காரீயத்தைக் கலந்துவிட்டால் அது வேறு கதை, பெரிய கதை.) எதைச் சமைக்கிறோம் என்பதோடு எதில் சமைக்கிறோம் என்பதையும் கேட்டுப் பழகிய நாம், மருத்துவமனைக்குள் நுழைந்ததும் அந்தக் கேள்வியை வாசலிலேயே விட்டுவிடுகிறோம். மருந்துதான் முக்கியம், குழாய் அது இறங்கி வருகிற வழி, அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். நாற்பது ஆண்டு கீமோ மருந்துகளோடு புழங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த மருந்துகளில் பலவற்றுக்கு இது சரிவராது. அங்கே குழாயும் மருந்தில் சேர்த்திதான்.

மேலே போவதற்கு முன் இரண்டு குழாய்த் துண்டுகளை முன்வரிசைக்குக் கொடுக்கிறேன். இரண்டும் ஐ.வி. செட்டிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வெட்டியவை. புதியவை, மருந்து படாதவை; பயப்பட வேண்டாம். ஒன்றில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். ஒன்று முழுக்க முழுக்கப் பிவிசி. மற்றொன்றின் உள்பக்கம் பாலிஎத்திலீன். எது எது என்று பாருங்கள். நசுக்கலாம், முகரலாம், விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். பார்த்துவிட்டுப் பின்வரிசைக்குக் கொடுங்கள். பேச்சு முடியும்போது கேட்கிறேன்.

கருவியிலிருந்து ஏதோ கரைந்து வருவது என்றாலே கெடுதிதான் என்று சொல்லிவிட முடியாது. புற்றுநோய் மருந்துகளில் தலையாய ஒன்று அப்படித்தான் பிறந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்ற உயிர்இயற்பியலாளர் இருந்தார். செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே தெரியும் கதிர்க்கோலம், காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் அணிவகுப்பதைப் போல அவர் கண்ணுக்குப் பட்டது. அப்படியானால் மின்புலம் செல் பிரிவதை மாற்றுமா? ஈ.கோலை பாக்டீரியா வளரும் கரைசலுக்குள் பிளாட்டினம் மின்வாய்களை நட்டு மின்சாரம் விட்டார். ஏன் பிளாட்டினம்? அது எதனோடும் ஒட்டாத உலோகம், சோதனையில் தலையிடாது என்பதற்காக.

பாக்டீரியாக்கள் பிரிவதை நிறுத்தின. ஆனால் வளர்வதை நிறுத்தவில்லை. நூல்நூலாக, வழக்கமான நீளத்தைப் போல 300 மடங்கு வரை நீண்டன. 'மின்புலத்தின் விந்தை' என்று எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ரோசன்பர்க்கும் அவரோடு இருந்தவர்களும் விடவில்லை. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து கடைசியில் மின்வாயைப் பிடித்தார்கள். ஒட்டாது என்று நம்பிய பிளாட்டினம் துளித்துளியாகக் கரைந்து, கரைசலில் இருந்த அம்மோனியாவோடும் குளோரைடோடும் சேர்ந்திருந்தது. 1965-இல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. இந்த வகைச் சேர்மம் ஒன்றை 1840களிலேயே மிக்கேலே பெய்ரோனே என்ற இத்தாலிய வேதியியலாளர் செய்து வைத்திருந்தார். அதற்கு அதுவரை மருத்துவத்தில் ஒரு வேலையும் இருக்கவில்லை. 1978-இல் அது சிஸ்பிளாட்டின் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 'களிம்பு ஏறியதில் கிடைத்த மருந்து' என்று எங்கள் பேராசிரியர் இதைச் சொல்வார்.

அப்படிப் பிறந்த மருந்து அலுமினியத்தைக் கண்டால் தாங்காது. பள்ளியில் மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டு வைத்திருப்பீர்கள். ஆணியின் மேல் செம்பு படியும். அதே வேதியியல்தான் இங்கும். அலுமினியம் கரைசலுக்குள் போகிறது, பிளாட்டினம் வெளியே வந்து கறுப்பாகப் படிகிறது. எவ்வளவு கறுப்போ அவ்வளவு மருந்து போயிற்று. ஊசியில், செட்டில் அலுமினிய பாகம் இருந்தால் இந்த மருந்துக்கு ஆகாது என்று சிஸ்பிளாட்டின் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் இன்றும் சொல்கிறது. எஃகு ஊசியால் தொல்லையில்லை.

குழாய்க்குள் இதற்கு முன் ஓடியது எது என்பதையும் நான் கருவியின் கணக்கில்தான் சேர்ப்பேன். சிஸ்பிளாட்டினுக்கு உப்பு வேண்டும். சலைனில் இருக்கும் குளோரைடுதான் அதை உடையாமல் கட்டிக் காக்கிறது. இரத்தத்திலும் குளோரைடு நிறைய, அதனால் வழியெல்லாம் சாதுவாக வந்து, குளோரைடு குறைந்த செல்லுக்குள் போனதும்தான் கட்டவிழ்ந்து டி.என்.ஏ-வைப் பிடிக்கிறது. அதன் தம்பி ஆக்சாலிபிளாட்டினுக்கு அதே உப்பு ஆகாது. குளோரைடு பட்டால் அதன் ஆக்சலேட் பகுதி கழன்றுவிடும். டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும், டெக்ஸ்ட்ரோஸால்தான் குழாயைக் கழுவ வேண்டும். ஒரு மருந்து முடிந்ததும் சலைன் விட்டுக் கழுவுவது வார்டில் கை தானாகச் செய்கிற வேலை. ஆக்சாலிபிளாட்டின் நாளில் அந்தக் கையைப் பிடித்து நிறுத்த ஆள் வேண்டும்.

இனி, என்னை அதிகம் அலைக்கழித்த மருந்துக்கு வருகிறேன். பாக்லிடாக்செல். பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையை அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனத்துக்காக 1962-இல் சேகரித்தார்கள். அந்தப் பட்டையிலிருந்து மருந்தைப் பிரித்து அதன் கட்டமைப்பை 1971-இல் வெளியிட்டவர்கள் மன்ரோ வாலும், இந்தியாவில் பிறந்த மன்சுக் வாணியும். மருந்து அருமையானது, தண்ணீரில் மட்டும் கரைய மறுத்தது. நரம்பில் ஏற்ற வேண்டிய மருந்து கரையாவிட்டால் கல்லுக்குச் சமம். கைகொடுத்தது ஆமணக்கு. ஆமணக்கெண்ணெயை எத்திலீன் ஆக்சைடோடு வினைபுரியச் செய்து எடுக்கும் கிரெமஃபோர் இஎல் என்ற பிசுபிசுப்பான பொருள் பாதி, ஆல்கஹால் பாதி. அதில் கரைந்தது. 1992 இறுதியில் சினைப்பைப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உலக ஆமணக்கில் பெரும்பகுதி விளைவது குஜராத்தில் என்பதை நினைத்தால், அங்கே காய்ந்த கொட்டைக்கும் ஓரிகன் காட்டு மரப்பட்டைக்கும் ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் சம்பந்தம் முடிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர் உள்ள ஒரு பெண். சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராம் என்று எழுதினால் 280 மில்லிகிராம் மருந்து. குப்பியில் ஒரு மில்லிக்கு 6 மில்லிகிராம் என்பதால் ஏறத்தாழ 47 மில்லி. ஒவ்வொரு மில்லியிலும் 527 மில்லிகிராம் கிரெமஃபோர். ஆக, கால் கிராம் சொச்சம் மருந்தை உள்ளே கொண்டுபோக 25 கிராம் அளவுக்கு ஆமணக்குச் சரக்கும், 23 மில்லி ஆல்கஹாலும் கூடவே நரம்புக்குள் போகின்றன. மாப்பிள்ளையைவிடத் தோழன் கூட்டம் பெரிது. தொடக்ககாலச் சோதனைகளில் நோயாளிகளுக்கு மூச்சு முட்டியதற்கும் இரத்த அழுத்தம் சரிந்ததற்கும் இந்தக் கூட்டத்தின் மேல்தான் முதல் சந்தேகம் விழுந்தது. முன்கூட்டியே டெக்சாமெதசோன், ஒவ்வாமைத் தடுப்பு மருந்துகள் என்று போட்டுவிட்டு மெதுவாக ஏற்றுகிற வழக்கம் அப்படி வந்ததுதான்.

இப்போது குழாய். பிவிசி இயல்பில் கெட்டியான பிளாஸ்டிக். உங்கள் வீட்டு மோட்டாரிலிருந்து மாடித் தொட்டிக்குப் போகிறதே, அதே பிவிசி. அதை வளைகிற, சுருட்டுகிற குழாயாக்க டிஇஎச்பி என்ற எண்ணெய் போன்ற பொருளைச் சேர்ப்பார்கள். ஒரு டிரிப் பையின் எடையில் 30 முதல் 40 சதவீதம் வரைகூட அது இருக்கும். பரோட்டா மாவில் எண்ணெய் ஊறி நிற்பது மாதிரிதான் அது பிளாஸ்டிக்குக்குள் நிற்கிறது. வேதிப் பிணைப்பு எதுவும் கிடையாது. சலைன் ஓடினால் அது பாட்டுக்கு இருக்கும், ஏனென்றால் எண்ணெய்க்குத் தண்ணீர் மேல் ஆசையில்லை. கிரெமஃபோர் ஓடினால்? எண்ணெய்ப் பிசுக்கான தட்டில் சோப்புத் தண்ணீர் விட்ட கதை. கரையாத மருந்தைக் கரைக்கிற அதே குணம், குழாயில் ஊறியிருப்பதையும் இழுத்துக்கொண்டு போகிறது. கலந்து வைத்த நேரம் ஆக ஆக, மருந்தின் அடர்த்தி கூடக் கூட, வெளியே வருவதும் கூடும். எந்த மருந்தை எந்தப் பையில் எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதை அளந்து அளந்து பட்டியலிட்டவர் ஹூஸ்டன் புற்றுநோய் மையத்தில் இருந்த லாரன்ஸ் டிரிசல். ஊசி மருந்துகளைப் பற்றி அவர் தொகுத்த கைந்நூலை நாங்கள் 'டிரிசல்' என்றே சொல்வோம். 'டிரிசல்ல பாரு' என்றால் பேச்சு முடிந்தது.

டிஇஎச்பி விலங்குகளில் ஆண் குட்டிகளின் இனப்பெருக்க உறுப்பு வளர்ச்சியைக் கெடுப்பது ஆய்வுகளில் தெரிந்ததால், 2002-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் புதிதாகப் பிறந்த ஆண் குழந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கை வெளியிட்டது. ஆனால் இரத்த வங்கியில் கதை தலைகீழ். பிவிசி பையிலிருந்து கசியும் டிஇஎச்பி சிவப்பணுக்களின் உறையில் புகுந்து அவை சீக்கிரம் உடையாமல் காக்கிறது. இரத்தத்தை 42 நாள் வைத்திருக்க முடிவதில் அந்தக் கசிவுக்கும் பங்குண்டு. ஆகவே பிவிசியை வில்லனாக்கிப் பேச நான் வரவில்லை. நல்ல பாத்திரம்தான், மோருக்கு ஆகாது.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போது நான் ஒரு மருத்துவமனையில் கீமோ மருந்து கலக்கும் அறைக்குப் பொறுப்பு. எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். நோயாளியின் ஆட்கள் வெளியே மெடிக்கலில் வாங்கிவர ஒரு சீட்டுக் கொடுப்போம். மருந்துகளின் பெயர் பெரிய எழுத்தில், அளவோடு, கம்பெனியோடு இருக்கும். கடைசி வரியில் 'ஐ.வி. செட் - 1'. அந்தச் சீட்டின் மாதிரியைத் தயாரித்தவன் நான்.

ஒரு பெரியவர், மகளுக்கு மூன்றாவது முறை பாக்லிடாக்செல் போட அழைத்து வந்திருந்தார். புதிதாக மாற்றலாகி வந்த சிஸ்டர் ஒருவர் செட்டைப் பிரிப்பதற்கு முன் உறையைத் திருப்பிப் படித்துவிட்டு, "ஐயா, இது ஆகாதுங்க. நான்-பிவிசி, ஃபில்டர் வச்சதுன்னு கேட்டு வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பினார். அரை மணி கழித்து அவர் திரும்பினார். கையில் அதே வகை, வேறு கம்பெனி. "எல்லாம் ஒண்ணுதான் பெரியவரேன்னு கடைக்காரர் சொல்லிட்டாரும்மா." மறுபடி போனார். இந்தமுறை பஸ் ஏறி ஊருக்குள் பெரிய கடைக்கே போய், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து சரியான செட்டை நீட்டினார். நீட்டிவிட்டு, என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப போன ரெண்டு தடவையும் போட்டது?"

போன இரண்டு தடவையும் சாதாரண செட்டில்தான் ஓடியிருந்தது. இரண்டு தடவை கசிந்த டிஇஎச்பியால் அந்தப் பெண்ணுக்கு இன்ன கெடுதல் என்று யாராலும் விரல் நீட்ட முடியாது. அப்படி ஒன்றும் நேரவும் இல்லை. அதையேதான் பெரியவரிடமும் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனால் கடைக்காரர் மேலோ, அவர் மேலோ, முன்பு போட்ட சிஸ்டர் மேலோ பழிபோட என்னால் முடியவில்லை. 'புளி - 1' என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஏன் கொடம்புளி வாங்கி வரவில்லை என்று கேட்பது மாதிரி. மறுவாரம் முதல் பாக்லிடாக்செல் குப்பிகளோடு செட்டையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, எங்கள் அறையிலிருந்தே கொடுக்க ஆரம்பித்தோம். அந்த ரப்பர் பேண்டுக்கு நிர்வாகத்திடம் அனுமதி வாங்க எனக்கு நாலு மாதம் ஆயிற்று என்பது தனிக்கதை.

ஃபில்டர் ஏன் என்று சிலர் யோசிப்பீர்கள். தண்ணீர் சேர்த்து நீர்க்க வைத்த பாக்லிடாக்செல் எப்போது வேண்டுமானாலும் தன் பழைய குணத்துக்குத் திரும்பி நுண்துகளாகப் படியலாம். அதற்காக 0.22 மைக்ரான் வடிகட்டி. இது மனப்பாடமாகிவிட்ட ஒருவர் கையில் 2005-இல் வந்த புது பாக்லிடாக்செல் கிடைத்தால் ஆபத்து. அதில் ஆமணக்கே கிடையாது. மருந்தை அல்புமின் புரதத்தோடு சேர்த்து, சராசரி 130 நானோமீட்டர் உருண்டைகளாக ஆக்கியிருக்கிறார்கள். அதற்குப் பிவிசி தடையில்லை. ஆனால் அந்த 0.22 மைக்ரான் வடிகட்டி கூடாது, ஏனென்றால் அவ்வளவு நுண்ணிய வடிகட்டி அடைபட்டுவிடலாம். பெயர் ஒன்று, குணம் வேறு. 'பாக்லிடாக்செல்லுக்கு எந்த செட்?' என்று யாராவது கேட்டால் 'எந்த பாக்லிடாக்செல்?' என்பதுதான் சரியான விடை. லைப்போசோம் உறைக்குள் வரும் டாக்சோரூபிசினுக்கும் வரிசையில் வடிகட்டி வைக்கக் கூடாது. டோசிடாக்செல், கபாசிடாக்செல், டெம்சிரோலிமஸ் எல்லாம் பாலிசார்பேட் 80 என்ற வேறொரு கரைப்பானில் வருபவை; இழுக்கும் குணம் அதற்கும் உண்டு.

குழாயிலிருந்து கரைந்து வருவது ஒரு வகை என்றால், குழாயையே கரைப்பது இன்னொரு வகை. தெர்மோகோல் மேல் பெட்ரோல் ஊற்றி விளையாடாத பையன் நம் ஊரில் உண்டா? கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. பெண்டாமஸ்டின் 1963 வாக்கில் கிழக்கு ஜெர்மனியில் யேனா நகரில் உருவான மருந்து. நெடுங்காலம் அங்கேயே கிடந்து, 2008-இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதலில் பொடியாக வந்தது. கரைக்க நேரமாகிறது என்பதால், 2013-இல் அனுமதி பெற்ற வடிவம் டைமெத்தில் அசிட்டமைடு என்ற கரைப்பானில் கரைத்த திரவமாக வந்தது. கலப்பவருக்குச் சிரமம் குறைந்தது.

இதே காலத்தில் இன்னொரு பக்கம், மருந்து கலப்பவர்களின் பாதுகாப்பைப் பற்றிய கவலை வளர்ந்துகொண்டிருந்தது. புற்றுநோய் மருந்துகளைக் கையாளும் செவிலியரின் சிறுநீரில் மரபணுவை மாற்றும் தன்மை இருப்பதை 1979-இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் லான்செட் இதழில் எழுதினார்கள். அதிலிருந்து தொடங்கிய கவலை, மருந்து ஒரு துளிகூட வெளியே தெறிக்காத, ஆவிகூடக் கசியாத மூடிய இணைப்புக் கருவிகளில் வந்து நின்றது. குப்பிக்கும் சிரிஞ்சுக்கும் நடுவே மாட்டுவது. அவற்றில் பலவற்றின் உடல் பாலிகார்பனேட்டாலோ ஏபிஎஸ் பிளாஸ்டிக்காலோ ஆனது. கெட்டியானவை, ஏபிஎஸ்ஸில் ஹெல்மெட்டே செய்கிறார்கள். புதுத் திரவ பெண்டாமஸ்டினை இந்தப் பாதுகாப்புக் கருவி வழியாக எடுத்தபோது கரைப்பான் கருவியைத் தின்றது. இணைப்பு கசிந்தது, உடைந்தது. 2015 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது: பாலிகார்பனேட், ஏபிஎஸ் உள்ள எந்தக் கருவியோடும் இந்தத் திரவத்தைச் சேர்க்காதீர்கள், கசிந்தால் கலப்பவர் தோலுக்குக் கேடு, கரைந்த பிளாஸ்டிக் நோயாளிக்குள் போனால் நுண்குழல்கள் அடைபடலாம்.

மருந்திடமிருந்து கையைக் காப்பாற்ற வாங்கிய கருவி, மருந்தைக் கையில் கொட்டியது. இதில் முட்டாள்தனம் செய்தவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. திரவமாக்கியவருக்கு நல்ல காரணம் இருந்தது, கருவி செய்தவருக்கும் நல்ல காரணம் இருந்தது. இரண்டும் சந்திக்கும் இடம் ஒரு மருந்தாளுநரின் இரண்டு கைகள். அந்தச் சந்திப்பை யாரும் முன்கூட்டிப் பார்த்துவைக்கவில்லை என்பதுதான் குறை. பழைய பாடமும் ஏற்கெனவே இருந்தது: எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்கு முன் கொடுக்கும் புசல்ஃபான் ஊசியிலும் இதே கரைப்பான்தான், பாலிகார்பனேட் சிரிஞ்சு வேண்டாம் என்று அதன் தாளில் அச்சிட்டிருந்தார்கள். நீர்க்காத எட்டோபோசைடு ஏபிஎஸ் கருவிகளில் விரிசல் விடவைக்கும் என்பதும் பழைய செய்தி. நீர்த்துப் பையில் கலந்த பிறகு இந்த முரட்டுத்தனம் அடங்கிவிடும். ஆகவே அபாயம் வார்டில் அல்ல, கலக்கும் அறையில்.

மூன்றாவது வகை, ஒட்டிக்கொள்வது. நைட்ரோகிளிசரின் பிவிசிக்குள் புகுந்து காணாமல் போவதும், இன்சுலின் குழாய்ச் சுவரில் ஒட்டுவதும் தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லாருக்கும் தெரியும். கீமோவில் கார்முஸ்டின் அப்படி. கண்ணாடிப் பாட்டில் அல்லது பாலிஓலிஃபின் பைதான் அதற்கு. அதன் இன்னொரு குணம் நம் ஊர்க்காரர்களுக்கென்றே செய்தது போல இருக்கும்: 30.5 முதல் 32 டிகிரிக்குள் உருகிவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து ஒரு சித்திரை மதியம் மேஜையில் வைத்து மறந்தால், குப்பியின் அடியில் எண்ணெய்ப் படலம். அதைப் பார்த்தால் மருந்து போயிற்று, கொட்டிவிட வேண்டியதுதான்.

ஒட்டுவதற்கு எதிரான ஏற்பாடுகளில் எனக்குப் பிடித்தது 2014 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிளினாடுமோமாப். முதல் வாரம் ஒரு நாளைக்கு வெறும் 9 மைக்ரோகிராம் கொடுக்கிற மருந்து அது, பிறகு 28. நான் சற்றுமுன் சொன்ன 25 கிராம் ஆமணக்குச் சரக்கோடு ஒப்பிட்டால், மூட்டைக்கு எதிரே ஒரு தூசி. இவ்வளவு சொற்பமான புரதம் பையின் உள்சுவரிலும் குழாயிலும் ஒட்டிக்கொண்டே தீர்ந்துவிடக்கூடும். அதனால் மருந்தோடு ஒரு தனிக் குப்பியில் நிலைநிறுத்தும் கரைசல் ஒன்றையும் தருகிறார்கள். மருந்தைக் கரைக்க அல்ல; மருந்து சேர்ப்பதற்கு முன் பையின் உள்சுவரில் பூச்சாகப் படிய. தோசைக்கல்லில் முதலில் எண்ணெய் தடவுகிறோமே, அதேதான். இதைத் தவறுதலாக மருந்தைக் கரைக்கப் பயன்படுத்திவிடக் கூடாது என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வோம். தோசைக்கல் உவமையைச் சொன்ன நாளிலிருந்து ஒருவரும் மறக்கவில்லை.

சொட்டு விஷயத்தையும் விட மனமில்லை. சாதாரண செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. 500 மில்லியை மூன்று மணி நேரத்தில் ஏற்ற நிமிடத்துக்கு ஏறத்தாழ 55 சொட்டு என்று கணக்கிட்டு, வாட்சைப் பார்த்து உருளையைத் திருகி வைப்பார்கள். அந்த 20 என்பது தண்ணீருக்கு. கிரெமஃபோரோ பாலிசார்பேட்டோ கலந்தால் பரப்பு இழுவிசை குறைந்து சொட்டு சிறுக்கும். எண்ணிக்கை சரியாக இருக்கும், அளவு குறையும். "சிஸ்டர், மூணு மணி நேரம்னீங்க, பாட்டில் இன்னும் பாதிகூட இறங்கலையே" என்று துணைக்கு இருப்பவர் வந்து நிற்பார். கண்ணால் பார்த்தால் 55 சொட்டு விழுந்துகொண்டுதான் இருக்கும். சொட்டை எண்ணும் வகைப் பம்பும் இதே இடத்தில் ஏமாறும். அளவைத் தள்ளும் பம்பு இருந்தால் தொல்லையில்லை. எல்லா வார்டிலும் எல்லாக் கட்டிலுக்கும் அது இருக்கிறதா என்பதை இங்கே அமர்ந்திருக்கும் செவிலியர்கள் சொல்வார்கள்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. கீமோ எழுதும் தாளில் மருந்து, அளவு, எதில் கலப்பது, எவ்வளவு நேரம் என்று நாலு கட்டம் இருக்கிறது. ஐந்தாவதாக ஒரு கட்டம்: எந்த செட். அதை நிரப்பும் பொறுப்பு மருந்தாளுநருக்கு, கையெழுத்தும் அவருடையது. செட் மருந்தோடு சேர்ந்தே நோயாளியிடம் போக வேண்டும், தனிச்சீட்டில் அல்ல. வாங்கிவைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: உறையில் பி.எச்.டி. என்ற மூன்று எழுத்துகளின் மேல் குறுக்குக்கோடு போட்ட குறி இருந்தால் அதில் தாலேட்டு, அதாவது டிஇஎச்பி வகைப் பொருள், இல்லை என்று அர்த்தம். (படிப்புப் பட்டம் அல்ல, ஒரு கொள்முதல் அதிகாரி என்னிடம் அப்படித்தான் கேட்டார்.) ஆனால் தாலேட்டு இல்லாத பிவிசியும் பிவிசிதான். கசிவுக்குப் பதில் அதில் இருக்கலாம். கார்முஸ்டின் உள்ளே புகுந்துகொள்வதற்குப் பதில் இல்லை. இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று செயலர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். குழாய்த் துண்டுகள் எந்த வரிசையில் இருக்கின்றன? சிவப்பு நூல்தான் பிவிசி என்று நினைப்பவர்கள் கை தூக்குங்கள். சரி. நூல் இல்லாததுதான் என்பவர்கள்? ஏறத்தாழச் சரிபாதி. இங்கே நாலைந்து மருத்துவர்களும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லிவைக்கிறேன். பையில் லென்ஸ் வைத்திருக்கும் மாணவர் யாராவது வெட்டிய முனையைப் பாருங்கள். சிவப்பு நூல் கட்டியதில் வளையத்துக்குள் இன்னொரு மெல்லிய வளையம் தெரியும், அதுதான் பாலிஎத்திலீன். மற்றது வெறும் பிவிசி. பிரிப்பதற்கு முன் அந்த இரண்டு உறைகளிலும் இது தெளிவாக அச்சிட்டிருந்தது; உறைகள் என் சட்டைப்பையில்தான் இருக்கின்றன. வேண்டுபவர்கள் கீழே இறங்கியதும் வாங்கிப் பார்க்கலாம். துண்டுகளை மட்டும் மறக்காமல் மேடைக்கு அனுப்பிவிடுங்கள், அடுத்த வாரம் செவிலியர் பள்ளியில் ஒரு வகுப்பு இருக்கிறது.